மலையில் தவிப்பவருக்குக் கைகொடுப்போர்

மலை ஏறிப் பார்க்க வருபவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். எல்ல பாறைக்கும், நாரங்கலைக்கும், பசறைக்கு மேலே நிற்கும் நமுனுகுலைக்கும், தம்பேதன்ன தோட்டத்து லிப்டன் இருக்கைக்கும், மடுல்சீமைப் பக்கத்துச் சின்ன உலக முடிவுக்கும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். முன்பு வெள்ளைக்காரர் மட்டும் வந்தார்கள். இப்போது கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணப் பிள்ளைகளும் கூடாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் வழி தப்பினால், கால் பிசகினால், இருட்டிவிட்டால், அவர்களுடைய குரல் முதலில் யார் காதில் விழுகிறது? லயத்தில் இருப்பவர் காதில்தான். கொழுந்து மலையில் நிற்கும் பெண்களின் காதில்தான். பொலிசாரும் இராணுவத்தினரும் வந்து சேர நேரமாகும். அதற்கு முன் போய்ச் சேர்பவர்கள் நம் மக்கள்.

மண்சரிவினால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்து உறவினர் லயத்திலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இருக்கும் நமக்கு, ஊர் சுற்ற வந்தவரைக் காப்பாற்றுவது ஒரு வேலையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடையை இப்பாடத்தின் பிற்பகுதியில் பார்ப்போம். இங்கு ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறோம்: நாலு பேர் சேர்ந்து கயிறும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஒழுங்காக ஒரு மலைக்குப் போகத் தெரிந்த தோட்டம், மழை கொட்டும் இரவில் தன் பிள்ளைகளையும் காக்கத் தெரிந்த தோட்டம்.

பிற நாடுகளில் இது தொடங்கிய விதம்

சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே 2,469 மீற்றர் உயரத்தில் ஒரு கணவாய் உண்டு. ஏறத்தாழ 1050ஆம் ஆண்டளவில் புனித பெர்னார்து அங்கே ஒரு விடுதியைத் தொடங்கினார். பனியில் புதையுண்ட வழிப்போக்கரைத் தேடிக் கொண்டுவருவதே அங்கிருந்த துறவிகளின் வேலையாயிற்று. பிற்காலத்தில் பெரிய நாய்களையும் அதற்குப் பழக்கினார்கள். மலையேறுவதில் தாமே விருப்பம் கொண்டிருந்த பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1923இல் அவரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே 1928இல் பாறையிலிருந்து விழுந்த ஒருவரை நண்பர்கள் அவசரமாகக் கட்டிய தூக்கில் வைத்து, வலி தணிக்கும் மருந்து எதுவும் இல்லாமல், பல மணி நேரம் சுமந்து வந்தார்கள். அவர் பிழைத்தார், ஆனால் காலை இழந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர் மன்செஸ்டர் நகரத்து அறுவை மருத்துவர் வில்சன் ஹே. விழுந்ததைவிடத் தூக்கி வந்த விதமே அதிகக் கேடு செய்தது என்று அவர் கண்டார். மலைக்கு ஏற்ற ஸ்ட்ரெச்சர் வேண்டும், மீட்கப் போகிறவர் கையில் வலி மருந்து வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். அதிலிருந்து வளர்ந்தவைதான் இன்றுள்ள தொண்டர் மீட்புக் குழுக்கள். அவற்றில் இருப்பவர்கள் ஆசிரியர், தச்சர், ஆடு வளர்ப்பவர், கடைக்காரர். சம்பளம் இல்லை. மீட்கப்பட்டவரிடம் கூலி வாங்குவதும் இல்லை. பொலிசார் அழைத்தால் கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஹெலிகொப்டரும் பெரிய கருவிகளும் நம்மிடம் இல்லை. ஆனால் 1928இல் அவர்கள் கற்ற பாடத்துக்குக் காசு தேவையில்லை: விழுந்தவரை எப்படித் தூக்குகிறோம் என்பதில் அவருடைய உயிரும் காலும் தங்கியிருக்கின்றன.

அண்மையில் நடந்தவை

2015 பெப்ரவரியில் ஓட்டன் சமவெளியின் உலக முடிவில் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்த வெளிநாட்டு இளைஞர் ஒருவர் தவறி விழுந்தார். கீழே ஒரு மரம் அவரைத் தாங்கிக்கொண்டது. இராணுவத்தினர் கயிற்றில் இறங்கி அவரை மேலே எடுத்து, தோளில் சுமந்து, வாகனம் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மரம் இல்லாதிருந்தால் எந்தக் கயிறும் உதவியிராது.

2018 மார்ச் 11ஆம் திகதி தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே உள்ள குரங்கணிக் காட்டில், மலை நடைக்கு வந்த இளைஞர்களும் பெண்களும் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தனர். முதலில் ஓடிப் போனவர்கள் அயல் கிராமத்தவரும் தோட்டத்துத் தொழிலாளரும்தான். தண்ணீரும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய், தீக்காயம் பட்டவர்களைப் போர்வையில் கட்டி இருட்டில் இறக்கினார்கள். நம் ஊவாவிலும் ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது மானாப்புல் எப்படிப் பற்றும் என்பதை நாம் அறிவோம். புல் பற்றியிருக்கும் மலையில் மேல்நோக்கி ஓடக் கூடாது. தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும். ஏற்கெனவே எரிந்து கருகிய இடம், பாறை வெளி, புல் வெட்டிய தேயிலை, இவையே புகலிடம்.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தனர். அது மலை நடை அல்ல. ஆனாலும் இருட்டில், செங்குத்துச் சரிவில், காயப்பட்டவரை மேலே கொண்டுவரும் வேலை அதே வேலைதான். பொலிசாருடனும் இராணுவத்தினருடனும் அயலவரும் சேர்ந்து அதைச் செய்தார்கள்.

வழி தப்பியவரைத் தேடுதல்

எல்ல பாறைக்குப் போகிறவர் பெரும்பாலும் ரயில் தண்டவாளத்தில் நடந்து, பிறகு தேயிலைக்குள்ளும் புல்லுக்குள்ளும் ஏறுகிறார். தேயிலைக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதைகள் கொழுந்து எடுப்பவருக்காகப் போடப்பட்டவை. அவை எங்கும் போய்ச் சேர்வதில்லை. மலையைச் சுற்றி அடுத்த பாதையில்தான் முடியும். இது நமக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் அவர் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவார்.

தேடப் போகுமுன் உடன் வந்தவரிடம் விபரம் கேட்டு எழுதுங்கள். கடைசியாக எங்கே, எத்தனை மணிக்குக் கண்டார்கள்? சட்டை என்ன நிறம்? காலில் சப்பாத்தா, செருப்பா? நோய் ஏதும் உண்டா? கைத்தொலைபேசி இருக்கிறதா? தொலைபேசி இருந்தால் தேடும் வேலை பாதியாகும். வட்ஸ்அப்பில் தாம் இருக்கும் இடத்தை அனுப்பச் சொல்லலாம். பேச இணைப்புக் கிடைக்காத இடத்திலும் சில வேளை குறுஞ்செய்தி போய்ச் சேரும். அனுப்பியபின் பற்றரியை மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. “தண்ணீர் போகும் வழியே இறங்கினால் ஊர் வரும்” என்று பலரும் நம்புகிறார்கள். சமவெளியில் அது சரியாக இருக்கலாம். நம் மலைகளின் தெற்குப் பக்கம் சுவர் போல் இறங்குகிறது. கொஸ்லாந்தைக்குக் கீழே தியலும நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 220 மீற்றர். கலுபஹன பக்கத்தில் பம்பரகந்த 263 மீற்றர், நாட்டிலேயே மிக உயர்ந்தது. ஓடையைப் பிடித்து இறங்குகிறவர் வழுக்குப் பாறையில் கால் வைத்து, திரும்ப ஏற முடியாத இடத்தில் நின்றுவிடுவார். இருட்டில் என்றால் நிற்கவும் மாட்டார். வழி தப்பினால் ஓடையில் இறங்காதே, வந்த வழியே மேலே ஏறு, அல்லது நில். இதைப் பாதை ஓரத்துத் தேநீர்க் கடையில் பெரிய எழுத்தில் மும்மொழியிலும் எழுதி ஒட்டினால், அதுவே பாதி மீட்பு வேலை.

தேடும்போது தனியாக எவரும் போகக் கூடாது. இரண்டு பேராகப் போங்கள். பாதைகள் பிரியும் முனைகளில் ஒருவரை நிறுத்தினால், தேடப்படுபவர் தாமாக வந்து சேரக்கூடும். விசில் அடித்தபின் ஒரு நிமிடம் எல்லாரும் வாயை மூடிக் காது கொடுங்கள். நம்மவர் செய்யும் பெரிய பிழை, இருபது பேரும் ஒரே நேரத்தில் கூவுவது. கூவினால் பதில் கேட்காது. மலையேறுவோர் பழகியுள்ள ஆபத்துக் குறி ஒன்றும் உண்டு: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், அல்லது ஆறு முறை டோர்ச் வெளிச்சம், பிறகு ஒரு நிமிடம் அமைதி, மீண்டும் ஆறு. நாம் கொடுக்க வேண்டிய பதில் மூன்று. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். மலையில் இரவில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் பேய் என்று கதவைச் சாத்திக்கொள்ளாமல், எண்ணிப் பார்ப்பார்கள்.

கண்டபின் செய்ய வேண்டியவை

முதலில் நம் கால் நிற்கும் இடம் உறுதியா என்று பாருங்கள். மேலே உருளக்கூடிய கல் இருக்கிறதா? குளவிக்கூடு இருக்கிறதா? குளவி கலைந்தால் மீட்க வந்தவரையும் மீட்க வேண்டி வரும். இது தோட்டத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லாத பாடம்.

விழுந்தவரை உடனே எழுப்பி உட்கார வைப்பது நம் வழக்கம். முகத்தில் தண்ணீர் தெளிப்போம், “ஒன்றுமில்லை, எழும்புங்கள் தம்பி” என்போம். அதைச் செய்யக் கூடாது. உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்தும் முதுகெலும்பும் உடைந்திருக்கலாம். தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். கை கால் விரலை அசைக்கச் சொல்லுங்கள். இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். உடைந்த காலைக் கிடக்கும் நிலையிலேயே குச்சியும் துணியும் வைத்துக் கட்டுங்கள். உதவிக்கு 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 இடர் முகாமைத்துவ நிலையம். அழைப்பவர் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் வாகனம் எதுவரை வரலாம் என்பதையும் சொல்ல வேண்டும். “ஐந்தாம் நம்பர் மலை” என்றால் நமக்குப் போதும், அம்புலன்ஸ் சாரதிக்குப் போதாது. ஆகவே ஒருவர் வீதிக்குப் போய் நிற்கட்டும்.

குளிர் ஒரு மறைவான எதிரி. மழையில் நனைந்து, காற்றில் இரவு முழுவதும் கிடந்தவர் காயம் இல்லாமலே இறக்கலாம். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் வருகிறது என்று சொன்னால் ஆபத்து கூடிவிட்டது என்று பொருள். ஈரத் துணியைக் களைந்து உலர்ந்ததைப் போடுங்கள். தரையிலிருந்தும் குளிர் ஏறும். ஆகவே கீழேயும் சாக்கோ புல்லோ போடுங்கள். மேலே கம்பளி, அதற்கு மேல் நாம் மழைக்குப் போட்டுக்கொள்ளும் படங்கு. நல்ல நினைவோடு இருந்தால், வயிற்றிலும் தலையிலும் அடிபடவில்லை என்றால், சீனி போட்ட சூடான தேநீர் கொடுக்கலாம். சாராயம் ஒரு சொட்டும் கூடாது. அது சூடு கொடுப்பது போல் தோன்றும், உண்மையில் உடம்புச் சூட்டை வெளியே விடும். கைகால்களைத் தேய்ப்பதும் நெருப்பில் காய்ச்சுவதும் வேண்டாம்.

சுமந்து வருவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நோயாளியைக் கம்பளியில் கட்டி, ஒரு கம்பில் தொங்கவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருக்கிறோம். வீதி இல்லாத காலத்தில் பிரசவத்துக்குத் தவித்த தாய்மாரும் அப்படித்தான் வந்தார்கள். அந்தப் பழக்கம் பல உயிரைக் காத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒற்றைக் கம்பில் தொங்கும் கம்பளியில் முதுகு வளையும். முதுகில் அடிபட்டவருக்கு அது ஆகாது. அவரை அசைக்காமல் வைத்து, பலகையோடு ஆட்கள் வரும்வரை காத்திருப்பதே நல்லது. மற்றவர்களுக்கு இரண்டு கம்பு போடுங்கள். இரண்டு உரப்பைகளின் அடி மூலைகளை வெட்டி, இரண்டு நேரான சவுக்குக் கம்புகளை உள்ளே செலுத்தினால் பத்து நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர் தயார். நோயாளியை ஏற்றுமுன் உங்களில் பாரமான ஒருவரைப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள்.

சுமக்க ஆறு பேர், முடிந்தால் எட்டுப் பேர். அதே அளவு ஆட்கள் கைமாற்றப் பின்னால் வர வேண்டும். ஒருவர் முன்னே போய் வழி பார்த்து, “கல்”, “பள்ளம்”, “நில்” என்று சொல்ல வேண்டும். அவர் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். இறங்கும்போது நோயாளியின் கால் முன்னே, தலை மேட்டுப் பக்கம். இதையும் வெறுமனே வாசித்தால் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்பந்தை விட்டுவிட்டு இளைஞர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் பழகட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

குழுவில் யார்? காசு யாருக்கு?

குழு என்றதும் இளைஞரை மட்டும் சேர்ப்பது வழக்கம். மலையை அடி அடியாகத் தெரிந்தவர்கள் கொழுந்து எடுக்கும் பெண்கள். விறகுக்குப் போகும் அக்காமாருக்குத் தெரியாத குறுக்குப் பாதை இல்லை. அவர்கள் குழுவில் இல்லாவிட்டால் அது அரைக் குழு. தோட்ட மருத்துவ உதவியாளரையும், சிங்களம் நன்றாகப் பேசக்கூடிய ஒருவரையும், ஓட்டோ வைத்திருப்பவரையும் சேருங்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரையும் கேளுங்கள். பள்ளத்தின் மறுபக்கம் அவர்களுடையது. எல்லாரும் கூடித் தரையில் கோலமாவினால் தோட்டத்தின் படத்தை வரையுங்கள். ஓடை, பாறை, வழுக்கு, தொலைபேசி பேசும் இடம், வாகனம் வரும் இடம் எல்லாவற்றையும் குறித்தபின் அதைத் தாளில் எடுத்து, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் ஒன்றைப் பொலிஸ் நிலையத்திலும் கொடுங்கள்.

காசு விஷயத்தை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஒரு நாள் தேடப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். அது அடுப்பில் தெரியும். ஆகவே சிறு பொது நிதி ஒன்று தேவை. மீட்கப்பட்டவர் மனமுவந்து கொடுத்தால் அந்த நிதியில் போடலாம். வழிகாட்டியாகப் போய்க் கூலி வாங்குவது நேர்மையான தொழில். ஆனால் வழி தப்பி அழுது நிற்பவரிடம் பேரம் பேசுவதும், வேண்டுமென்றே தவறான பாதையைக் காட்டிப் பிறகு கூலிக்கு அழைத்துவருவதும் வேறு. ஒருவர் செய்தாலும் அந்த மலைக்கே கெட்ட பெயர் வரும்.

இது நமக்கும் ஆகும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை 7.30 மணியளவில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அயல் தோட்டத்தவர் மண்வெட்டியோடும் வெறுங்கையோடும் தோண்டினார்கள். இராணுவத்தினர் இயந்திரங்களோடு வந்தார்கள். மழை மீண்டும் பெய்தபோது தோண்டுவதையும் நிறுத்த வேண்டியிருந்தது. சேற்றுக்குள் போனவர்களை உயிரோடு எடுப்பது மிக அரிது. காணாமற் போனோர் நூற்றுக்கணக்கானோர் என்று முதலில் செய்தி வந்தது, பிறகு அந்த எண்ணிக்கை பலமுறை குறைந்தது. யார் அன்று வீட்டில் இருந்தார், யார் வெளியே போயிருந்தார் என்று சொல்லும் பட்டியல் கையில் இல்லை. தப்பியவர்கள் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் புது வீட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

அங்கிருந்து மக்கள் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போக வேறிடம் இல்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் போதாது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? காணியும் வீடும் கேட்பது நம் உரிமை. அதைத் தொடர்ந்து கேட்போம். ஆனால் அது கிடைக்கும்வரை ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் மழை வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடெங்கும் 600 பேருக்கு மேல் இறந்தனர். அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. வீதியும் ரயில் பாதையும் அறுந்துபோன இடங்களில் அயல் வீட்டாரே மீட்புக் குழுவாக நின்றார்கள்.

ஆகவே மலையில் நடப்பவருக்காகக் கூடும் குழுவுக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு: மழையை அளப்பது. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டி, அதைக் கவிழ்த்து வாயில் புனல் போல் வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, மேடு பள்ளம் மறையும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறியுங்கள். அதற்கு மேல் அடிமட்டத்தை ஒட்டுங்கள். மரமும் கூரையும் இல்லாத வெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்து எழுதி, நீரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலம், பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100 ஆனால் மூட்டை கட்டித் தயாராக வேண்டும். 150 ஆனால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 ஆனால், வெளியேற வேண்டும். மேற்சொன்ன நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குக் கையாளும் அளவுகள் இவை. ஆனால் நிலத்தில் புது வெடிப்பு, சுவரில் விரிசல், சாய்ந்த மரம், இறுகிப்போன கதவு, புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய பீலித் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவைப் பாராமல் புறப்படுங்கள்.

புறப்படும்போது யார் பாட்டியைத் தூக்குவது, யார் கைக்குழந்தைக்காரியுடன் போவது, எந்தப் பாதை ஓடையைக் கடக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். உரப்பை ஸ்ட்ரெச்சர், கயிறு, விசில், டோர்ச், கம்பளி எல்லாம் அப்போதும் அவைதான். லயத்தில் உள்ளவர் பெயர்ப் பட்டியலை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைத் தோட்டத்துக்கு வெளியே வையுங்கள்.

குழுவாகப் பேச

உங்கள் தோட்டத்தில் இரவில் ஒருவர் மலையில் விழுந்தால், வாகனம் நிற்கும் இடத்துக்குத் தூக்கிவர எவ்வளவு நேரம் ஆகும்? ஒருமுறை நடந்து பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது, அதைப் போய்ப் பார்த்தவர் யார்? மழைமானியைப் பார்த்து எழுதும் பொறுப்பை எந்தப் பிள்ளையிடம் கொடுக்கலாம், அந்தப் பிள்ளை அதிகாலை மூன்று மணிக்கு வந்து கதவைத் தட்டினால் எத்தனை வீடுகள் எழுந்து வரும்?